கூட்டக் குறிப்பு

மாதத்தின் முதல் திங்கள், மாலை ஏழு மணி.
கவுண்டி மன்றத்தில் குறிப்பெழுதுகிறவள் நான்.
சாக்கடைக் குழாய், தெருநாய்,
சர்க்கரைவள்ளித் திருவிழாவுக்கு எத்தனை கழிப்பறை,
எல்லாம் முடிந்தபின் பொதுமக்கள் பேச்சு:
தலைக்கு மூன்று நிமிடம்.

வெர்லீன் டீக் எழுந்து வருவாள்.
பல் மருத்துவரிடம் கணக்கெழுதுகிறவள்.
மூன்று வருடமாக அதே கேள்வி:
நம் வரிப்பணத்தில் போட்ட ஓடுபாதையில்
நள்ளிரவு தாண்டிக் காலியாக ஏறுகிற
வெள்ளை விமானம்
எங்கே போய் யாரை ஏற்றிக்கொள்கிறது?
வால் எண் சொல்வாள். தேதி சொல்வாள்.
சில மாதம் ஒரு பெயரும்.
எங்கள் நாக்குக்கு வளையாத அந்தப் பெயரைக்
காரில் வரும்போதெல்லாம் சொல்லிப் பார்த்திருப்பாள்,
இடறாமல் வரும்.
'தையற்காரர். மகளுக்குச் செருப்பு வாங்கப் போனவர்.'

மணி அடிக்கும்.
தலைவர் லேமன் ஹாரெல் நன்றி என்பார்.
ஹாங்கர் வாடகை தவறாமல் வருகிறது
என்பார் இன்னொருவர், யாரும் கேட்காமலே.
நான் எழுதுவேன்:
ஒரு குடிமகள் விமான நிலையம் பற்றிப் பேசினார்.
அவ்வளவுதான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

கெட்ட ஊர் என்று சொல்லிவிட முடியாது.
அந்த விமானி எங்கள் தேவாலயத்தில்
அடிக்குரலில் பாடுகிறவர்.
என் தம்பி வீடு எரிந்தபோது
கூரை வேய முதல் ஆளாக வந்தவர்.
வெர்லீனின் தபால்பெட்டியை
இரண்டு முறை அடித்து நொறுக்கியதும்
இதே ஊர்தான்.

என் கணவன் ஓடெல் அங்கே எரிபொருள் நிரப்புகிறவன்.
வீட்டில் அதைப் பேசுவதில்லை.
போன புதன்கிழமை
மண்ணெண்ணெய் வாடை போகாத விரலால்
மேசையில் கோடு இழுத்தபடி சொன்னான்:
'பெட்டி ஒன்று ஏற்றினார்கள். வாய் பிரிந்து கிடந்தது.
பெரியவர்களுக்கான டயப்பர்.
அம்மாவுக்கு வாங்குவோமே, அதே கம்பெனி.'
பிறகு சூப் ஆறிவிட்டது என்றான்.

நேற்றைய தீர்மானம்:
வேலியைப் பத்தடியாக உயர்த்துவது, மேலே முள்கம்பி.
ஆதரவு ஐந்து, எதிர்ப்பு இல்லை.
வெர்லீன் பேசினாள்.
பெயரின் பாதியில் மணி அடித்துவிட்டது.

தண்ணீர்க் குழாயருகே போய் அவளை நிறுத்தினேன்.
கேலி செய்ய வந்தேன் என்று நினைத்தாளோ என்னவோ,
கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.
அந்தப் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டேன்.
ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்.
இடையில் ஒன்றைத் திருத்தி, மறுபடி முதலிலிருந்து.

அடுத்த மாதம்
குறிப்பை வாசிக்காமலே ஒப்புதல் தருவார்கள்.
எப்போதும் அப்படித்தான்.