தோன்றா எழுவாய்

டுலூத் நகர நூலகத்தில்
கணினி ஆளுக்கு ஒரு மணி நேரம்.
திரையின் மூலையில் நிமிடங்கள்
தலைகீழாக எண்ணிக்கொண்டு போகும்.
வெளியே ஏரி உறைந்து கிடக்கிறது.
உள்ளே என் பூட்ஸ் பனி உருகி
நாற்காலிக்கு அடியில்
சின்னதாய் இன்னொரு ஏரி.

பயோடேட்டா எழுதுவது எப்படி என்று
சுவரில் ஒரு தாள்:
ஒரே பக்கம்.
செய்ததைச் சொல். எத்தனை என்று சொல்.
‘நான்’ எங்கும் வரக் கூடாது.

சரி.
நானை எடுத்துவிட்டேன்.
பத்தொன்பது வருடம்
பள்ளிப் பேருந்து ஓட்டினேன்,
பனியில் நிறுத்தினேன், எண்ணி ஏற்றினேன்.
எடுத்த பிறகும்
ஒவ்வொரு வினையின் வாலிலும்
ஒரு ‘ஏன்’ தொங்குகிறது.
நேர்காணலில் அவர்கள்
அதைத்தான் பிடித்து இழுப்பார்கள்:
ஏன் நிறுத்தினார்கள் உங்களை?
ஏன் இடையில் பதினாலு மாதம் வெற்றிடம்?

ஒப்பந்தம் வேறு கம்பெனிக்குப் போனது.
அது எளிது.
பதினாலு மாதம்தான் கஷ்டம்.
ஃபார்கோவில் ஒருவனை நம்பினேன்.
செய்தது: நம்பியது.
எத்தனை: ஒன்று.
தாள் கேட்டபடிதான் இருக்கிறது,
ஆனாலும் அழித்தேன்.

ஐம்பதாவது நிமிடத்தில் நான்
‘இளம் பயணிகளுக்கான
போக்குவரத்துப் பாதுகாப்பு வல்லுநர்’
ஆகியிருந்தேன்.
பக்கத்துக் கணினிக்காரர்
மூக்குக் கண்ணாடியை இறக்கிப் படித்துவிட்டு
விமானமா ஓட்டினீங்க என்றார்.
ஓர்வில் லாஹ்டி.
தாதுக் கப்பல்துறையில் முப்பத்தோரு வருடம்.
அவர் திரையில் அவர் பெயர் மட்டும்,
அதற்குக் கீழே
கண்சிமிட்டும் ஒரு கோடு.

அவருக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தபோது
என் மணி முடிந்தது.
திரை நீலமானது.
வல்லுநர் போய்விட்டாள்,
மூன்று பத்தி, எட்டுத் திறமை,
ஒரு தொலைநோக்கு, எல்லாவற்றோடும்.

சேமிச்சீங்களா, என்றாள் மேசைப் பெண்.
என் முகத்தைப் பார்த்தாள்.
அடுத்த ஆள் இன்னும் வரலை,
ஏழு நிமிஷம் தரேன்.

ஏழு நிமிடத்தில் பொய் சொல்ல முடியாது.
பொய்க்கு அடைமொழி வேண்டும்,
அடைமொழிக்கு நேரம் வேண்டும்.

பள்ளிப் பேருந்து, எண் 37. பத்தொன்பது வருடம்.
தினம் அறுபத்திரண்டு பிள்ளைகள்.
அத்தனை பேர் பெயரும் தெரியும்.
மைனஸ் முப்பதிலும் வண்டி கிளம்பியது.
ஒருமுறை மான் குறுக்கே வந்தது.
மான் உட்பட யாருக்கும் காயமில்லை.
பதினாலு மாதம் ஊரில் இல்லை.
திரும்பி வந்ததும் அதே வண்டியைக் கொடுத்தார்கள்.
சனிக்கிழமையும் வர முடியும்.

அச்சடிக்கப் பத்து சென்ட்.
தாள் இன்னும் சூடாக இருந்தது.
ஓர்வில் வாங்கி, விரல் வைத்துப் படித்தார்.
மான் இடத்தில் நின்றார்.
பாராட்டுவார் என்று நினைத்தேன்.
போன் நம்பரில் ஒன்பது இலக்கம்தான் இருக்கு,
என்றார்.

இருந்தது ஒன்பதுதான்.
யாராவது என்னைக் கூப்பிட நினைத்து
எங்கும் போய்ச் சேராமல்
ரிசீவரை வைத்திருப்பார்கள்.
சட்டைப் பையிலிருந்து
தச்சுப் பென்சில் ஒன்றைக் கொடுத்தார்.
கடைசியில் கோணலாக ஒரு 4 போட்டேன்.
அந்தப் பக்கத்திலேயே
கையால் எழுதியது அது ஒன்றுதான்.

எனக்கு இருபத்தாறு நிமிஷம் மிச்சமிருக்கு,
என்று எழுந்து
நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.
மான் மாதிரி எதுவும் என்னிடம் இல்லை.

உட்கார்ந்தேன்.
என்ன செஞ்சீங்க, சொல்லுங்க.

ஜன்னலைப் பார்த்தார்.
பிறகு தொண்டையைச் செருமி,
நாங்க, என்று ஆரம்பித்தார்,
நாங்க நாலு பேர், ராத்திரி ஷிஃப்ட்...

சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.
‘நாங்கள்’ பற்றித்
தாள் ஒன்றும் சொல்லவில்லை.
தட்டத் தொடங்கினேன்.