ஏழு இருக்க வேண்டும்

ஐந்து ரோடு மருந்துக்கடையில்
சீட்டைக் காட்டினால்தான் தருவார்கள்,
பத்து மாத்திரைப் பட்டை.
மூன்று விழுங்கியிருக்கிறேன்.
ஏழு இருக்க வேண்டும்.
ஐந்துதான் இருக்கிறது.

முப்பத்தொரு வயதுவரை எனக்கு
மத்தியானம் என்றால் என்னவென்று தெரியாது.
ஆத்தூர் ரோட்டு ஜவ்வரிசி ஆலையில்
வெள்ளை வெளேரென்று காயும் களத்தில்
கையில் பலகையோடு
நின்றபடியே தூங்கியிருக்கிறேன்.
முகத்தில் ஒட்டிய மணிகளை எண்ணிக்
கூலியில் கழிப்பேன் என்பான் மேஸ்திரி.
எல்லோரும் சிரிப்பார்கள்.
நானும் சிரித்துவிட்டால் அவ்வளவுதான்,
முழங்கால் விட்டுப்போய்க் களத்திலேயே விழுவேன்.
பேய் என்றார்கள். சோம்பல் என்றார்கள்.
பெண் பார்க்க வந்தவர்கள்
காபித் தட்டோடு நான் சரிந்ததைப் பார்த்துவிட்டு
பஜ்ஜியை முடித்துக்கொண்டு கிளம்பினார்கள்.

தலையெல்லாம் ஒயர் ஒட்டி
ஒரு ராத்திரி, ஒரு பகல்.
"இது வியாதிம்மா" என்றார் டாக்டர் ரெஹானா.
அந்த ஒரு வார்த்தைக்கே
பாதி தெளிந்துவிட்டது.

முதல் மாத்திரை, காலை ஏழு மணிக்கு.
பன்னிரண்டு ஆனது, இருந்தேன்.
இரண்டு ஆனது, இருந்தேன்.
மூன்று மணிக்குக் களத்தின் மேல்
பருந்தின் நிழல் ஒன்று நடந்து போனது.
தினமும் போகுமாம்.
எனக்கு அன்றுதான் தெரியும்.

தலைவலி உண்டு. வாய் காயும். சோறு இறங்காது.
சிரித்தால் இன்னும் விழுவேன்,
அதற்கு வேறு மருந்தாம்.
விலையைக் கேட்டேன்,
சிரிப்பே வரவில்லை.

தம்பி பூபதிக்கு வியாதி எதுவும் இல்லை.
லாரித் தவணைதான் இருக்கிறது.
சங்ககிரியில் ஏறினால் நாசிக், வெங்காயம்,
மூன்று ராத்திரி ஒரே ஆள்.
இரண்டாவது டிரைவர் சம்பளம் மிச்சம்.
வந்த கையோடு ஏற்காட்டுக்கு சிமென்ட்.

நேற்று இறங்கி வந்து சொன்னான்:
"பதினாலாவது கொண்டை ஊசிப் பலகையப் பாத்தேன்க்கா.
அடுத்து ஒம்போதப் பாத்தேன்.
கண்ணு தொறந்தேதான் இருந்துச்சு.
நடுவுல யாரு ஓட்டுனா?"
சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.
நான் விழவில்லை.

களைப்பு அப்படியே இருக்கும்போல.
அதன் வாயை மட்டும்
பொத்திவிடுகிறது இந்த வெள்ளை வில்லை.
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்,
மீதியை டாக்டரிடம் கேட்க வேண்டும்,
நான் கொடுக்கவில்லை என்று
முதலில் அவர் நம்ப வேண்டும்.

சாவியை ஜவ்வரிசி டின்னுக்குள் புதைத்தேன்.
தேடினான், கத்தினான்,
"உனக்கு மட்டும் வேணும், எனக்கு வேண்டாமா?" என்றான்.
பதில் யோசிப்பதற்குள்
சுவரோரம் சாய்ந்து, வாய் திறந்து,
செருப்போடு தூங்கிவிட்டான்.

பதினாலு மணி நேரம் ஆகிறது.
இன்றைய மாத்திரை போட்டுக்கொண்டு
பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.
பட்டையில் இப்போது நான்கு.
கடைசியில் இரண்டு மத்தியானம்
எனக்கு இருக்காது.

அவன் போன் அலமாரியில் அதிர்ந்து அதிர்ந்து
விளிம்புவரை நகர்ந்துவிட்டது.
எடுத்தேன். சரக்கு ஏற்றுகிறவர்.
எங்கே அவன் என்றார்.

என்னைப் பற்றி ஊரே சொன்ன வார்த்தை,
நான் ஒருநாளும்
வாயெடுத்துச் சொன்னதில்லை.
"தூங்குறான்" என்றேன்.
அந்தப் பக்கம் காது கேட்கவில்லை போல.
இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.