நான்காவது படி

கார்னசேக்கு வாரம் இரண்டு படகு,
காற்று ஒப்புக்கொண்டால்.

வரைபடத்தில் கோட்டை என்று போட்டிருக்கிறது.
வந்து பார்த்தால் ஒன்றரைச் சுவர்,
கூரைக்கு மேகம்,
விருந்துக்கூடத்தில் இடுப்புயரக் காஞ்சொறி.
அறுநூறு குளிர்காலம் தின்றது போக
மிச்சத்தை ஊர் தின்றது.
வாசல் வளைவு தேவாலயத்தில்,
மூலைக்கற்கள் படகுத்துறையில்,
அடுப்படிக் கல்லொன்று
என் கோழிக்கூட்டுக்கு நிலைப்படி.

கோடையில் வருகிறவர்கள்
கட்டம்போட்ட கம்பளியைச் சுற்றிக்கொண்டு
எங்கள் தலைவன் வீடு என்று
சுவரைத் தடவி அழுவார்கள்.
கனடாவிலிருந்து வந்தவர் ஒருவர்
ஒரு பிடி மண்ணைப் புட்டியில் அடைத்துக்கொண்டார்.
அதில் பாதி ஆட்டுப்புழுக்கை.
நான் சொல்லவில்லை.
எல்லோரும் தலைவனின் வழி.
ஒருவர்கூட
குழியில் கிடந்தவனின் வழி இல்லை.

குழி என்பது
காவலறைத் தரையில் ஆள் நுழையும் ஓட்டை.
உள்ளே குடுவை வயிறாய் அகன்று போகும்,
ஒரு பக்கம் மட்டும் செங்குத்துப் பாறை.
கதவில்லை. இறக்கினால் இறக்கியதுதான்.

மார்ச்சில், ஆலங்கட்டி விழுந்த ஓர் இரவு,
என் சினையாடு அதற்குள் விழுந்தது.
மூடியிருந்த பலகையை
யாரோ விறகுக்கு எடுத்துப் போயிருந்தார்கள்.
யாரென்று தெரியும். தோர்மோத்.
அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.
கயிற்றை ஒரு கல்லில் கட்டி இறங்கினேன்.
கல்லும் என்னோடு இறங்கியது.

விளக்கு போனது.
ஆடு முனகிக்கொண்டே என் கையில் ஈன்றது.
இருட்டில் ஒரு வழவழப்பு, ஒரு சூடு,
வெகுநேரம் ஒன்றுமில்லை,
பிறகு ஒரு தும்மல்.

குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு
சுவரைத் தடவி நடந்தேன்.
பாறைப் பக்கம், தொடையுயரத்தில்
விரல்கள் உள்ளே போயின.
அரைப் பாதம் கொள்ளும் பள்ளம்.
அதற்கு மேல் ஒன்று.
அதற்கு மேல் ஒன்று.
நான்காவதைத் தேடினேன்,
இருந்தது:
கட்டைவிரல் நகம் மட்டும் நுழையும் ஆழத்தில்.

எதால் கொத்தினானோ,
இடுப்புக் கொக்கியாலா, தின்ற எலும்பாலா.
மூன்றில் நின்று கொத்தியிருக்க வேண்டும்
ஒற்றைக் கையால், சத்தம் வராமல்.
நானும் மூன்றில் நின்று கை நீட்டினேன்.
விளிம்புக்கும் விரலுக்கும் நடுவே
ஒரு சாண் குளிர்காற்று.

விடியலில் தோர்மோத் வந்தான்,
அடுத்த பலகைக்கு.
எட்டிப் பார்த்து, மார்சலி, உயிரோடா, என்றான்.
அவன்மேல் இருந்த கோபத்தை
அங்கேயே விட்டுவிட்டு ஏறினேன்.

மே மாதம் அளவைத் துறையிலிருந்து ஓர் அம்மாள்.
விளக்கைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்து எழுதினார்:
கால்பள்ளம் மூன்று.
நான்காவது முற்றுப்பெறவில்லை.
பாதுகாக்கப்பட்ட சின்னம், கைவைக்கக்கூடாது என்றார்.

வைக்கவில்லை,
ஜூன் வரைக்கும்.

கயிற்றைத் தோர்மோத் பிடித்துக்கொண்டான்,
இம்முறை தன் இடுப்பில் கட்டி.
நல்ல உளிதான், இருந்தும்
ஒரு பகல் முழுக்கப் பிடித்தது.
பாறைத்தூள் கண்ணில், பல்லில்.
அவன் விட்ட தடத்தில் உளிமுனை
தானாகவே போய் உட்கார்ந்தது.

கயிறு தளர, நான் ஏறினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று.
நான்கில் பாதம் முழுதாய் நின்றது.
கை விளிம்பைப் பிடித்தது.

வெளியே கடல் வெயில்.
குட்டி இப்போது கொழுத்திருக்கிறது,
தலைவன் அமர்ந்த இடத்தில் நின்று
மென்றுகொண்டிருந்தது.

கயிற்றைச் சுருட்டக் குனிந்த தோர்மோத்திடம்
கொஞ்சம் பொறு என்றேன்.