சிவப்பு முதலில் போகும்

மஞ்சக்குப்பத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடை மாடியில்
நாளுக்கு முப்பது முகம் வெளுக்கிறேன்.
சிங்கத்தின் முதுகில் வட்டச் செயலாளர்,
வெள்ளைக் குதிரையில் சீர் கொண்டுவரும் தாய்மாமன்,
பட்டுப்பாவாடை கனத்தில் கூன் விழுந்து நிற்கும்
பதிமூன்று வயது மஞ்சள் நீராட்டு.

வெள்ளையாக்கு என்று யாரும் சொல்வதில்லை.
'கொஞ்சம் செவப்பா போடு பாப்பா.'
எங்கள் ஊரில் வெளுப்புக்குப் பேர் சிவப்பு.
ஆளுங்கட்சிக்கும் அதே சிவப்பு,
எதிர்க்கட்சிக்கும் அதே.
செங்கொடித் தோழர் ஒருவரும் ஒருமுறை கேட்டார்,
சற்றே தயங்கி.

கழுத்தை மறந்தால் மாட்டிக்கொள்வோம்.
போன தேர்தலில் ஒருவருக்கு
கும்பிட்ட கைகள் மட்டும் வேறொருவருடையவை.
ஊரில் யாரும் கவனிக்கவில்லை.

நான் டீத்தூள் நிறம்.
பெண் பார்க்க வருகிறவர்களிடம்
மாநிறம் என்பாள் அம்மா.
அது பொய்யில்லை,
பேரத்தின் முதல் விலை.

ரசிகர் மன்றத்துப் பையன்கள் வருவார்கள்.
நாற்பது பேர், தபால்தலை அளவில் நாற்பது முகம்,
யார் தலைவர் தோளுக்குப் பக்கத்தில் என்று
படிக்கட்டிலேயே அடிதடி.
அவர்கள் நாயகனைக் கறுப்பாக்க
இரண்டு மணி நேரம் பூசுகிறார்களாம்.
கறுப்பு அவனுக்கு நடிப்பு, விருதும் உண்டு.
மீன்காரி வேஷத்துக்கு மட்டும்
மும்பையிலிருந்து ஒருத்தி வந்து
கன்னத்தில் கரி தொட்டுக்கொள்கிறாள்.
எல்லாம் தெரியும்.
தெரிந்தும் முதல் காட்சிக்குப் போய்
இரண்டு விரல் வைத்து விசிலடித்தேன்.
அதற்காக வருந்தச் சொன்னால்
முடியாது.

பாண்டி நேரு வீதியில்
செங்கல் நிற உதட்டுச் சாயம் எடுத்தபோது
'உங்க கலருக்கு எடுக்காதுக்கா' என்றாள் கடைப்பெண்.
எடுத்தது.
பஸ் ஜன்னல் கண்ணாடியில்
ரெட்டிச்சாவடி தாண்டும்வரை பார்த்துக்கொண்டே வந்தேன்.

தேவனாம்பட்டினத்து அஞ்சலாட்சி
வார்டு பெண்களுக்கு ஆனதால் வேட்பாளர் ஆனவர்.
கணவர் அனுப்பிய படத்தில் கணவரே பெரிது.
செவ்வாய்க்கிழமை மத்தியானம்
தனியாகப் படியேறி வந்தார்.
என் நிறத்திலேயே போடு என்பார் என்று
ஒரு கைதட்டலைத் தயாராக வைத்திருந்தேன்.

'நல்லா செவப்பா போடும்மா.
அவரவிட ரெண்டு கை கூட.
அவர கொஞ்சம் சின்னதாக்கு.
சுனாமில கல்யாண போட்டோ போச்சி.
இத்தினி வருசமா
ஆதார் அட்ட மூஞ்சிதான் எனக்கு.
மூக்குத்தி மினுக்குனும், ஆமா.'

என் கொள்கையெல்லாம்
மவுஸுக்கு அடியில் கிடந்தது.
ஒளியைக் கூட்டினேன். சிவப்பைக் கூட்டினேன்.
கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தில்
கை ஓடவில்லை. விட்டுவிட்டேன்.
அவர் அதைக் கேட்கவுமில்லை.

ஜெயித்தார்.
நாற்காலியில் யார் உட்காருகிறார் என்று
வார்டில் இரண்டு விதமாகப் பேச்சு.

நேற்று அந்தப் பக்கம் போனேன்.
ஆட்டுக் கொட்டகைக் கூரையில் அதே ஃப்ளெக்ஸ்.
வெயிலும் உப்புக்காற்றும்
சிப்காட் பக்கமிருந்து வருகிற அந்த வாசமும்
ஆறு மாதம் தின்றதில்
சிவப்புதான் முதலில் போயிருக்கிறது.
அப்புறம் மஞ்சள்.
தலைவர் நீலம். கணவர் நீலம்.
ஓரத்தில் இளைஞரணி மொத்தமும் நீலம்.
அஞ்சலாட்சியும் நீலம்தான்.
மூக்குத்தி மட்டும் இன்னும் மினுக்குகிறது.
வெள்ளைக்கு எங்கள் மெஷினில் மை கிடையாது.
அச்சடிக்காமல் விட்ட இடம்தான் வெள்ளை.

கீழே கட்டியிருந்த ஆடு
கட்சிக் கரையின் ஓரத்தை மென்றுகொண்டிருந்தது.
ஒரு படம் எடுத்தேன், என்னையும் சேர்த்து.
ஃபில்டர் போட்டேன். எடுத்தேன். மறுபடி போட்டேன்.
அதற்குள் வாட்ஸ்அப்பில் குரல்:
காதணி விழா, ரெட்டைப் பிள்ளைகள்,
நாளை காலை பத்துக்குள்,
'பெரியவன் கொஞ்சம் மட்டு, பாத்து செவப்பா...'