பாய்த்துணி

ஆறாம் மாதம், பதினொன்றாம் நாள்.
மாதங்களுக்குப் பழைய தெய்வங்களின் பெயர் ஒட்டியிருக்கிறது;
நாங்கள் குவேக்கர்கள், எண்ணோடு நிறுத்திக்கொள்வோம்.
அரசனுக்கும் நீ, ஆடு மேய்ப்பவனுக்கும் நீ.
தொப்பி எவனுக்கும் கழற்றுவதில்லை.

ஹல் துறைமுகத்தில் கப்பலேறினேன்.
பெட்டியில் சாம்பல்நிறக் கோட்டு இரண்டு,
எங்கள் சபை எழுதித்தந்த கடிதம்,
மாதிரிக்கு முப்பது கெஜம் பாய்த்துணி.
"விசுவாசிகளைப் பார்க்கத்தானே போகிறாய், துணி எதற்கு?"
என்றாள் டாமரிஸ்.
வெறுங்கையோடு கடல் தாண்டுவது
வியாபாரிக்கு ஆகாது என்றேன்.

ஆறு நாள் வாந்தி.
ஏழாம் நாள் பாறை, பாறைக்குப் பின்னால் பாறை,
அதன் இடுக்கில் ஸ்டவாங்கர்.
ஊருக்கு முன்பே மீன் நாற்றம் வந்து வரவேற்றது.

பதினான்கு பேர். அவ்வளவுதான் அந்த நாட்டுச் சபை.
ஒரு பீப்பாய்க்காரன், இரண்டு விதவைகள்,
மீதிப்பேர் முன்னாள் மாலுமிகள்;
போரில் எங்கள் தேசம் பிடித்துவந்து
பாய்மரம் பிடுங்கிய கப்பல்களில்
வருஷக்கணக்காக அடைத்துவைத்தவர்கள்.
அந்த இருட்டில்தான் எங்கள் மௌனம்
இவர்களுக்குத் தொற்றியது, சொறியோடு சேர்ந்து.

மொழிபெயர்க்க ஏலிங் வந்தான்.
அவனுடைய ஆங்கிலம் சிறைக்காவலர்களிடம் கற்றது.
உள்ளொளி உன்னிடம் எப்படி வந்தது என்று
குன்வோரிடம் கேட்கச் சொன்னேன்.
கைகளை மடியில் வைத்து அவள் நெடுநேரம் பேசினாள்.
ஏலிங் என் பக்கம் திரும்பினான்:
"விடியறதுக்கு முந்தி வெளிச்சம் வந்து உதைக்குதாம்.
எந்திரிடா நாயேங்குதாம்."
அவன் முகத்தில் கேலி இல்லை.
எழுப்புவதற்கு அவனுக்குத் தெரிந்த சொல் அதுதான்.

சபையின் கேள்விகளைக் கேட்டேன்.
தேவாலய வரி கட்டினீர்களா?
இல்லை. பசுவை ஓட்டிக்கொண்டு போனார்கள்.
ஞானஸ்நானம்?
இல்லை. தோட்டத்தில் புதைத்த பிள்ளையை
அதிகாரி வந்து தோண்டி எடுக்கச் சொன்னான்.
யார் தோண்டியது என்று நான் கேட்கவில்லை.
போருக்கு உதவும் எதையாவது விற்றதுண்டா?
விற்க எங்களிடம் என்ன இருக்கிறது என்று சிரித்தார்கள்.
சுத்தம், என்று குறித்துக்கொண்டேன்.

பிறகு மௌனம்.
அறையைப் பாதியாகப் பிரித்து ஒரு துணி தொங்கியது,
பின்னால் ஒரு குழந்தையின் மூச்சு.
துணியின் கீழ் மூலையில்
மங்கிப்போன கதிர்க்கட்டு, இரண்டு எழுத்து.
என் கிடங்கின் முத்திரை.

லண்டன் தரகனுக்குத்தான் விற்றேன்.
அவன் யாருக்கு விற்றான் என்று கேட்கவில்லை.
கேட்காமலிருந்ததற்கும் ஒரு விலை கிடைத்தது,
கெஜத்துக்கு இரண்டு பென்ஸ் கூடுதல்.
ஆண்டுதோறும் சபையில் இதே கேள்வி என்னிடமும் வரும்.
ஆண்டுதோறும் சுத்தம் என்றேன்.

எழுந்து நின்றேன். முழங்கால் நடுங்கியது.
அரைமணி நேரம் பேசினேன்,
ஏலிங் நாலே சொல்லில் முடித்தான்.
அந்த நாலு சொல் என்னவென்று இன்றுவரை தெரியாது.

ஒருவரும் அழவில்லை, மன்னிக்கவுமில்லை.
பீப்பாய்க்காரன் இருமினான்.
குன்வோர் மட்டும் எழுந்துபோய்
துணியின் ஓரத்தை விரலால் நெருடிப் பார்த்தாள்:
"நல்ல நெசவு. இன்னும் வச்சிருக்கியான்னு கேக்கறா.
ஜன்னல் பக்கம் காத்து வருதாம்."

முப்பது கெஜத்தையும் அவள் முன் வைத்தேன்.
எடுத்துக்கொள், விலை வேண்டாம்.
அவள் தலையசைத்தாள்.
"ஓசியில வேணாமாம்.
ஓசியில குடுத்தா உன் பாரம் இறங்கிடுமாம்."

நாங்கள் பேரம் பேசாதவர்கள்,
எல்லோருக்கும் ஒரே விலை, கேட்டவுடன் சொல்வோம்.
அன்றைக்கு எனக்கு எண் வரவில்லை.
அவளே ஒரு விலை வைத்தாள்:
காய்ந்த காட் மீன், பன்னிரண்டு.

திரும்பும் வழியெல்லாம் கோட்டில், கடிதத்தில்,
என் தாடியில் அந்த மீன்.
ஹல்லில் சுங்கக்காரன் பெட்டியைத் திறந்து
மூக்கைப் பொத்திக்கொண்டான்.
"இதுக்கு என்ன மதிப்பு போட?"

வரிசையில் பின்னால் நின்றவர்கள்
பொறுமையிழக்கத் தொடங்கினார்கள்.