மாற்று ஆள்

மத்ராவில் கடலோரச் சாலையைத் தாண்டினால்
பாறையில் ஏறும் படிகள்.
எண்ணிக்கொண்டே போனேன். எழுபதுக்கு மேல்
மூச்சு வாங்கியதில் எண்ணிக்கை விட்டுப்போனது.
பர்னாந்து முன்னால் போனான்,
ஜீன்ஸை லுங்கி போல மடித்துவிட்டுக்கொண்டு.

வெள்ளிக்கிழமை. எங்கள் வாரத்தின்
ஒரே பகல்.
மற்ற நாளெல்லாம் ரூவியில் ஒரு மாலின் பேஸ்மெண்டில்
பதினாறு திரைகளுக்கு முன்னால் இரவு ஷிப்ட்:
இழுத்து மூடிய நகைக்கடை, ஓடாத எஸ்கலேட்டர்,
மூன்று மணிக்குத் தவறாமல் வரும் ஒரு பூனை.

கோபுரம் சின்னதுதான். நாலு பேர் நின்றால்
ஐந்தாமவன் கடலில்தான் நிற்கவேண்டும்.
கடலென்றால்
கட்டம் போட்டுப் பிரிக்காத கடல்.
ஒரு தெருவையே தூக்கி மிதக்கவிட்டது போல
துறைமுகத்தில் உல்லாசக் கப்பல்.
மீன் சந்தைக் கூரை. நீலக் குவிமாடம்.
கிழக்கே, நகர்கிறதா நிற்கிறதா தெரியாமல்
ஒரு எண்ணெய்க் கப்பல்.
கண்ணுக்குப் பழக்கம் விடவில்லை.
இடமிருந்து வலம், மேலிருந்து கீழ்.
"எல்லாம் சரி" என்று உதடு முனகிவிட்டது.

போர்த்துக்கீசியர் கட்டியது என்றது பலகை.
இல்லை, போர்த்துக்கீசியன் வருகிறானா என்று பார்க்க
எங்கள் ஆட்கள் கட்டியது என்று
வழியெல்லாம் சொல்லியிருந்தார் டாக்சிக்காரர் ஹிலால்.
புன்னைக்காயல் பர்னாந்து
பலகையையும் கடலையும் மாறிமாறிப் பார்த்தான்.
"இந்தப் பேர வச்சிக்கிட்டு
நான் எந்தப் பக்கம்ல நிக்கது?"
துப்பாக்கித் துளை வழியே விரலை நீட்டி
கீழே காத்திருந்த ஹிலாலைச் சுட்டான்.
அவர் கையசைத்தார்,
அல்லது வெயிலுக்குக் கண்ணை மறைத்தார்.

"காத்து திரும்புது. நம்மூருன்னா இது கச்சான்.
இங்க என்ன பேரோ."

சுவரில் தோள் உயரத்தில் ஒரு பள்ளம்,
வழவழவென்று தேய்ந்து.
சாய்ந்தேன். என் தோள் சரியாக உட்கார்ந்தது.
எவனோ ஒருத்தன்
வராத கப்பலுக்காகச் சாய்ந்து சாய்ந்து
கல்லைக் கரைத்திருக்கிறான்.
எந்தக் கொடி பகை என்பது
இமை இழுக்கும் நாலு மணிக்கு
அவனுக்கு நினைவிருந்திருக்குமா?
மாற்று ஆள் நேரத்துக்கு வந்தானா?
பதிவேடு இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பான்?
நான் எழுதுவதுதான்.
குறிப்பிட ஏதுமில்லை.

கீழே ஹாரன் அடித்தது.
பாதிப் படியில், கைக்குழந்தையோடு
ஏறி வந்தவருக்கு ஒதுங்கி வழிவிட்டேன்.
என்னை அறியாமல் தமிழிலேயே சொன்னேன்:
"கிழக்கே ஒரு கப்பல். ரொம்ப நேரமா நகரல.
பாத்துக்கோங்க."
அவர் நின்று, தலையாட்டிவிட்டு,
மேலே போனார்.