அரை வரி இடம்

பொரளையில் மழைக்கு இருட்டிக்கொண்டு நின்றது.
ஏழாம் கட்டிலில் பஸ் கொண்டக்டர் சுனந்த,
இறாலாய்ச் சுருண்டு
முதுகை எங்களிடம் தந்துவிட்டுக் கிடந்தார்.

கை கழுவியது: சரி.
முள்ளிடை தொட்டுக் குறித்தது: சரி.
விறைப்பூசி, காத்திருப்பு: சரி.
டொக்டர் ஷிஃபானாவின் ஊசி
எலும்பில் முட்டியது.
இன்னொருமுறை. எலும்பு.
வெளியே எடுத்தார். பஞ்சை அழுத்தியபடி,
"வருதில்ல மேடம். நீங்க போடுங்க."

அவரின் வயதில் நான்
ஐந்தாம் தரமும் குத்தினேன்.
படிவமில்லை, பார்க்க ஆளில்லை.
அந்த முதுகின் மச்சம் இப்பவும் தெரியும்.

பதினோராம் கட்டம்:
'தனித்துச் செய்யக்கூடியவரா?'
இல்லை என்று போட்டேன்.
குறிப்புக்கு அரை வரி இடம்.
'நிறுத்தத் தெரியும்' என்றெழுத
பேனை ஓரம் தாண்டிப் போனது.

தலை திருப்பாமல் சுனந்த கேட்டார்:
"பாஸ்தானே, மிஸ்?"